கட்டம் போட்ட நோட்டு: திரைகளை வரைந்த பெண்கள்

செல்பேசியில் பணம் அனுப்புகிறோம். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், தொகையைத் தவறாக அடித்துவிட்டால் திரை என்ன சொல்ல வேண்டும், பணம் போய்விட்டது என்பதை எந்தச் சின்னத்தால் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு இன்று டிஜிட்டல் பிராடக்ட் டிசைனர் என்று பெயர். சென்னையில் 14 ஆண்டுகளாக நான் செய்துவருவது இதுதான். வார இறுதிகளில் கல்லூரி மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதையே.

இந்தத் தொழிலுக்கு வரலாறு என்று வகுப்புகளில் சொல்லப்படுவது மிகச் சுருக்கமானது. 1979இல் ஸ்டீவ் ஜாப்ஸ், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்துக்குப் போனார். அங்கே திரையில் சன்னல்களையும் அவற்றை இயக்கும் மவுஸையும் பார்த்தார். 1984இல் மேகிண்டாஷ் வந்தது. 1993இல் டான் நார்மன் ஆப்பிளில் சேர்ந்து, ‘பயனர் அனுபவம்’ என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரில் வைத்துக்கொண்டார். 2007இல் ஐபோன். ஓர் ஆண் பார்த்தார், இன்னோர் ஆண் பெயர் வைத்தார். ஜாப்ஸுக்கு அந்தத் திரையைக் காட்டியது யார்? மேகிண்டாஷின் திரையில் இருந்த படங்களை வரைந்தது யார்? இந்தக் கேள்விகளை என் மாணவிகளில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்கும்படி பாடம் எழுதப்படவில்லை.

அவர்கள் கேட்பது வேறு. “கோடிங் தெரியாம இதுல வர முடியுமா மேம்?” “நான் பி.ஏ., எனக்கு வேலை குடுப்பாங்களா?” இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு தரவரிசை ஒளிந்திருக்கிறது. கோடிங் பெரிய வேலை, டிசைன் சின்ன வேலை. அதனால்தான் பெண்பிள்ளைகளுக்கு அது பொருந்தும். எங்கள் தொழிலில் இருக்கும் எந்தப் பெண்ணும் “நீங்க கொஞ்சம் அழகா போட்டுக் குடுங்க” என்ற வாக்கியத்தைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், கோடிங்கும் ஒரு காலத்தில் சின்ன வேலையாகத்தான் இருந்தது. 1945–46இல் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த 6 பேரும் பெண்கள். எந்திரம் செய்வது ஆண்களின் மூளைவேலை, அதை ஓடவைப்பது எழுத்தர் வேலை என்று அப்போது எண்ணினார்கள். மதிப்பு ஏறியபோது ஆட்களும் மாறினார்கள்.

சூசன் கேரிடமிருந்து தொடங்குகிறேன். அவருடைய வேலையைப் பார்க்காத கணினிப் பயனர் அநேகமாக இல்லை. பெயர் தெரிந்தவர்கள்தான் குறைவு.

1954இல் நியூயார்க் மாநிலத்தின் இதாகாவில் பிறந்தவர். மவுண்ட் ஹோல்யோக் என்ற பெண்கள் கல்லூரியில் படித்தார். 1978இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். ஆய்வுத் தலைப்பு, டோமியே, ஓல்டன்பர்க் என்ற இரு கலைஞர்களின் சிற்பங்களில் கேலிச்சித்திரத் தன்மை. கணினிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டுச் சிற்பம் செய்துகொண்டிருந்தார். ஒரு காட்டுப்பன்றியை ஆளுயரத்தில் இரும்பில் வெல்டிங் செய்துகொண்டிருந்தபோதுதான் பள்ளித் தோழன் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் மேகிண்டாஷ் குழுவில் நிரலாளர். திரையில் வர சில படங்களும் எழுத்துருக்களும் வேண்டும், வரைய முடியுமா?

சின்னக் கட்டம் போட்ட தாள் வாங்கி, ஒரு கட்டத்தை ஒரு புள்ளியாக வைத்து வரைந்து பார் என்றார் தோழன். பாலோ ஆல்டோவில் ஓவியப் பொருள்கள் விற்கும் கடையில் இரண்டரை டாலருக்குக் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார் கேர். அகலத்தில் 32 கட்டம், உயரத்தில் 32 கட்டம். ஒவ்வொரு கட்டமும் கருப்பு அல்லது வெள்ளை. சாம்பல் நிறம்கூட இல்லை. அந்த 1,024 கட்டங்களுக்குள் ஒரு கத்தரிக்கோல், ஒரு தூரிகை, ஒரு கைக்கடிகாரம், சிரிக்கும் ஒரு கணினி.

நேர்காணலுக்கு முன் உள்ளூர் நூலகத்தில் எழுத்துருக்கலை பற்றிய புத்தகங்களை எடுத்துப் படித்துவிட்டு, அவற்றைக் கையோடு எடுத்தும் போனார். எனக்கு மிகப் பிடித்த செய்தி இது. தகுதி இல்லை என்று ஒதுங்கிக்கொள்ளும் என் மாணவிகளிடம் இதைச் சொல்லாமல் நான் எந்தப் பருவத்தையும் முடிப்பதில்லை.

1983 தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தார். முகவரி அட்டையில் ‘மேகிண்டாஷ் ஓவியர்’ என்று போட்டிருந்தது. சிகாகோ, ஜெனீவா, மொனாக்கோ என்ற எழுத்துருக்கள் அவருடையவை. பிலடெல்பியா பக்கத்து ரயில் நிலையங்களின் பெயர்களைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். உலகப் பெருநகரங்களின் பெயர்தான் வேண்டும் என்று ஜாப்ஸ் மாற்றச் சொன்னார். கணினி முடங்கினால் வரும் வெடிகுண்டுச் சின்னமும் கேர் வரைந்ததே. அதைப் பொதுமக்கள் பார்க்க நேராது என்று நிரலாளர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். மக்கள் நன்றாகவே பார்த்தார்கள்.

கட்டளை விசையின் கதை இன்னும் சுவையானது. ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் ஆப்பிள் சின்னம் வந்துகொண்டிருந்தது. இத்தனை ஆப்பிளா என்று ஜாப்ஸ் கோபப்பட, மாற்றுச் சின்னம் தேடிக் குறியீடுகளின் அகராதி ஒன்றைப் புரட்டினார் கேர். ஸ்வீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் குறிக்கும் ஓர் அடையாளம் கிடைத்தது: ஒரு சதுரம், நான்கு மூலையிலும் ஒரு வளையம், கையை எடுக்காமல் ஒரே கோட்டில் போட்டது. மார்கழியில் வாசலில் சிக்குக் கோலம் போட்ட எந்தப் பெண்ணும் அதைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வாள். மேகிண்டாஷ் விசைப்பலகைகளில் இன்றும் அது இருக்கிறது.

கட்டத்துக்குள் வரைவது கேருக்குப் புதிதாக இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கும் பூத்தையலை அம்மாவிடம் கற்றவர் அவர். புள்ளிகளால் ஆன திரையை மொசைக்கோடும் தையலோடும் ஒப்பிட்டுப் பல முறை பேசியிருக்கிறார். வீட்டுக்குள் ‘பொழுதுபோக்கு’ என்று விடப்பட்ட கைவேலை, கணினித் துறையின் மிகப் புதிய சிக்கல் ஒன்றுக்கு ஆயத்தமான விடையாக இருந்தது. பொறியாளர்களிடம் அந்த விடை இல்லாததால்தான் தொலைபேசி அடித்தது.

முதல் மேகிண்டாஷ் பெட்டியின் உட்புறத்தில் அதைச் செய்தவர்களின் கையெழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். ஓவியர்கள் தம் படைப்பில் கையெழுத்திடுவார்கள், நாமும் இடுவோம் என்பது ஜாப்ஸின் எண்ணம். 40க்கு மேற்பட்ட பெயர்கள். பெண்களும் இருக்கிறார்கள், மேகிண்டாஷ் இடைமுகத்துக்கான விதிகளின் முதல் வரைவை எழுதிய ஜோனா ஹாஃப்மன் அவர்களில் ஒருவர். சூசன் கேர் இல்லை. சதி எதுவும் இல்லை. கையெழுத்துகள் வாங்கியது 1982 பிப்ரவரியில். அவர் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆனாலும் இந்தத் தற்செயலில் எங்கள் தொழிலின் நிலை முழுக்கத் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. டிசைன் கடைசியில்தான் கூப்பிடப்படும். பெட்டி முடிந்து, கையெழுத்தும் முடிந்து, ‘இனி படம் போட ஆள் வேண்டும்’ என்று.

அதன் பிறகு அவர் ஒரு நிறுவனத்தின் ஆளாக நிற்கவில்லை. ஜாப்ஸ் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்துக்குப் போனார். பிறகு தனித்தொழில். 1990இல் வந்த விண்டோஸ் 3.0இன் சின்னங்கள் பலவும் அதிலிருந்த சாலிட்டேர் சீட்டுக்கட்டும் அவர் வரைந்தவை. 2000களில் முகநூலில் நண்பர்களுக்கு அனுப்பும் குட்டிப் பரிசுப் படங்கள். 2015இல் பின்ட்ரெஸ்ட். சிகாகோ எழுத்துரு 2001இல் முதல் ஐபாடின் சிறிய திரைக்குத் திரும்பி வந்தது. ஒரு பெண் 30 ஆண்டுக்கு மேல் இந்தத் துறையில் தாக்குப்பிடித்ததற்குத் திறமை ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த இரண்டரை டாலர் நோட்டை அவர் தூக்கிப் போடவில்லை. அவருடைய தொடக்ககால நோட்டுகளை 2015இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது. யார் எதை வரைந்தார் என்ற விவாதத்துக்கே அங்கு இடமில்லை. அடித்தது, திருத்தியது எல்லாம் பென்சிலில் இருக்கிறது.

கோலம் என்றேன். அதில் உண்மையான கணினித் தொடர்பு ஒன்று உண்டு. அது நடந்தது தாம்பரத்தில். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அது வந்த இதழ் கணினி வரைகலைக்கானது. வாக்கியங்களுக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படங்களுக்கும் இலக்கணம் எழுதலாம், சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு கோலக் குடும்பம் முழுவதையும் உருவாக்கலாம் என்பது அதன் சாரம். கேர் கட்டம் போட்ட நோட்டு வாங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால். மூன்று ஆசிரியர்களில் இருவர் பெண்கள். ராணி சிரோமணி கோட்பாட்டுக் கணினி அறிவியலில் உலகம் அறிந்த ஆய்வாளரானார், கமலா கிருத்திவாசன் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். எங்கள் டிசைன் பாடத்திட்டம் எதிலும் இந்தப் பெயர்களை நான் கண்டதில்லை.

கோலத்தைப் ‘பெண்களின் இயல்பான கணித அறிவு’ என்று புகழ்ந்துவிட்டு நகர்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. இருள் பிரியும் முன் எழுந்து குனிந்து செய்ய வேண்டிய கடமையும் அதில் இருக்கிறது. யார் வீட்டு வாசலில் யார் பெருக்குவது, யார் கோலம் போடுவது என்ற சாதிக் கணக்கும் இருக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாக்கோலம் நண்பகலுக்குள் மிதிபட்டு அழிந்துவிடும். போட்டவள் பெயர் எங்கும் இருக்காது. 1974இன் கட்டுரையில் அந்த வடிவம் குறியீடுகளாக நின்றுவிட்டது. செயலிகளின் திரைகளும் கோலம் போலத்தான். இன்று வரைந்தது அடுத்த பதிப்பில் இருக்காது.

ஜாப்ஸுக்குத் திரையைக் காட்டியவர்களின் கதைக்கு வருகிறேன். ஏடல் கோல்ட்பர்க் 1973இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டு ஜெராக்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்தவர். குழந்தைகளும் கணினியில் நிரல் எழுதக் கற்க முடியுமா என்பது அவர் குழுவின் கேள்வி. ஸ்மால்டாக் என்ற மொழியும், அதனோடு வந்த சன்னல்கள் கொண்ட திரையும் அந்தக் கேள்வியைச் சுற்றி வளர்ந்தவை. பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்று ‘பயனர் சோதனை’ என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

1979 டிசம்பரில் ஆப்பிள் குழு வந்தபோது எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொன்னது மேலிடம். கோல்ட்பர்க் மறுத்தார். நம் வீட்டையே தூக்கிக் கொடுக்கிறோம் என்று வாதாடினார். உத்தரவு போட்டால் மட்டுமே காட்டுவேன் என்றார். உத்தரவு வந்தது, காட்டினார். பின்னாளில் ஜெராக்ஸ் தவறவிட்ட வாய்ப்பு என்று எத்தனையோ புத்தகங்கள் எழுதின. ஒரு பெண் அந்த அறையிலேயே, அந்த நேரத்திலேயே அதைச் சொன்னார் என்பது அவற்றில் ஒரு கிளைக்கதையாக, சில நேரம் பிடிவாதக்காரியின் கதையாக வருகிறது. கையில் எடுத்துப் போகும் கணினி என்ற ‘டைனாபுக்’ கனவைப் பற்றி 1977இல் வந்த புகழ்பெற்ற கட்டுரையில் ஆலன் கேயின் பெயரோடு கோல்ட்பர்க்கின் பெயரும் இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் முதல் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். அவர் நிற்கவில்லை. 1984 முதல் 1986 வரை கணினித் துறையின் மிகப் பெரிய சங்கமான ஏ.சி.எம்.மின் தலைவராக இருந்தார். 1988இல் ஸ்மால்டாக்கை விற்கத் தனி நிறுவனமே தொடங்கினார்.

அதே ஆய்வகத்தில் லூசி சுச்மன் என்ற மானிடவியல் ஆய்வு மாணவியும் இருந்தார். ஜெராக்ஸ் ஒரு பெரிய நகலெடுக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்திருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும், அவ்வளவு எளிது என்று விளம்பரம். வாங்கியவர்களோ சிக்கலாக இருக்கிறது என்றார்கள். சுச்மன் அந்த எந்திரத்தின் முன் ஆட்களை இரண்டிரண்டு பேராக நிற்கவைத்து, அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் காணொளியாக எடுத்தார். அதில் ஒரு காட்சி எங்கள் துறையில் பிரபலம்: தேர்ந்த கணினி அறிவியலாளர்கள் இருவர் தாளின் இருபுறமும் நகலெடுக்கத் திணறுகிறார்கள். மனிதர்கள் திட்டம் போட்டு அதன்படியே நடப்பவர்கள் என்று எந்திரத்தைச் செய்தவர்கள் நம்பினார்கள். நேரில் மனிதர்கள் அந்தந்தக் கணத்தில் கண்ணில் படுவதைக்கொண்டு சமாளிக்கிறார்கள் என்று சுச்மன் காட்டினார். 1987இல் இது புத்தகமாக வந்தது.

பேருந்துப் பயண அட்டைக்கான செயலியோ ரேஷன் கடை எந்திரமோ, எதைச் சோதித்தாலும் “ஜனங்களுக்குப் புரியல” என்று சொல்லும் அதிகாரி ஒருவர் இருப்பார். நான் சுச்மனின் அந்தக் காணொளியைச் சொல்வேன். படித்த மேதைகளுக்கும் புரியவில்லை என்றால் யார் மீது பிழை? சமையலறையிலும் வங்கிக் கவுண்டரிலும் “உனக்கு ஒண்ணும் தெரியாது” என்று கேட்டு வளர்ந்த பெண்களுக்கு இந்த ஆய்வு வெறும் தொழில்நுட்பம் அல்ல.

பிரெண்டா லாரல் நாடகத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்; கணினித் திரையை மேடையாகப் பார்க்கச் சொன்ன ‘கம்ப்யூட்டர்ஸ் ஆஸ் தியேட்டர்’ நூலை 1991இல் எழுதினார். சிறுமிகளுக்காகவே கணினி விளையாட்டுகள் செய்ய 1990களில் ஒரு நிறுவனம் நடத்தினார். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டு பார்பி பொம்மைக்காரர்களான மாட்டெல் கைக்குப் போனது. அது தனிக் கட்டுரைக்கான கதை. கலை, மானிடவியல், நாடகம்: பி.ஏ. படித்த மாணவியின் கேள்விக்கு நான் கேர், சுச்மன், லாரல் என்ற மூன்று பெண்களின் படிப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

நுழைவது பற்றி இத்தனை சொன்ன பிறகு, நிலைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் வேலை தேடுபவர் சான்றிதழோடு போவதில்லை. போர்ட்ஃபோலியோ என்கிற வேலைத் தொகுப்போடு போக வேண்டும். என்ன சிக்கல் இருந்தது, எப்படி யோசித்தாய், எதை வரைந்தாய், எதைக் கைவிட்டாய் என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். ஆனால் சேரும் நாளிலேயே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வெளியேறும் நாளில் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தால் கோப்புகள் அனைத்தும் அதோடு போய்விடும். ஆண் வேலை மாறும்போது இடைவெளி இருப்பதில்லை. பழைய மேலாளர், பழைய கூட்டாளி, புதிய இடத்தில் தெரிந்தவர் என்று வாய்வழிச் சான்று அவனோடு நகர்கிறது. பிரசவத்துக்காக மூன்று ஆண்டு விலகியவளுக்கு அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. அவள் கையில் தாள் இருக்க வேண்டும், இருப்பதில்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒன்பது மாதம் வரைந்த திரைகள் ஒரு மாநாட்டில் காட்டப்பட்டன. கடைசித் தாளில் நான்கு பெயர்கள். என் பெயர் இல்லை. கேட்டபோது “டீம் வொர்க்தானே” என்று பதில் வந்தது. அந்த நான்கு பேரும் டீம் இல்லையா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகு எனக்கும் என் மாணவிகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. முதல் வரைவு கணினியில் கிடையாது. கட்டம் போட்ட நோட்டில், தேதியோடு. நிறுவனத்தின் எண்களோ வாடிக்கையாளர் விவரமோ அதில் வராது. நாம் யோசித்த விதம் மட்டும் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பொருள் வெளியான பிறகு இன்னின்ன பகுதியை என் வேலையாகக் காட்டலாம் என்று ஒரு வரி எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஐந்து பேர் கேட்டார்கள். இரண்டு இடத்தில் சேர்த்துக்கொடுத்தார்கள். இரண்டு இடத்தில் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஓர் இடத்தில், இதுவரை எந்தப் பையனும் இப்படிக் கேட்டதில்லையே என்று மனிதவள அதிகாரி ஆச்சரியப்பட்டாராம். அவனுக்கு எதற்குத் தேவைப்படும் என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டிருக்கிறாள். வேலை கிடைத்தது, அந்த வரி இன்னும் கிடைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறாள்.